கொம்பும் காலும்

ஜூன் 3, செவ்வாய்

புது நோட்டு. எதையும் எழுதுவதற்கு முன் குறிப்பு போட்டுக்கொள்வது என் பழக்கம். பதிவறையில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவனுக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியவில்லை. இந்த நோட்டில் எழுத நினைப்பவை:

1. நூலக மாடியில் நடக்கும் கணினி வகுப்பில் இப்போது 'மேப்' என்ற பாடம். அது எனக்குப் புரிகிறதா என்பது.

2. மேப்பில் ஒரு சாவிக்கு ஒரே மதிப்புதான். அதே சாவியில் இன்னொன்றை வைத்தால் பழையது சத்தமில்லாமல் போய்விடும்.

3. இல்லாத சாவியைக் கேட்டால் அது கோபித்துக்கொள்வதில்லை. வெறுமையைக் கொடுக்கிறது.

4. வீட்டில் எந்தப் பொருள் எங்கே என்பதை இதில் ஏற்றிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் மனைவியைத் தொலைபேசியில் தொந்தரவு செய்ய வேண்டியிராது.

5. போன வருடம் ஏப்ரலில் அவள் எங்கள் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது "வரேன்" என்று சொல்லவில்லை. இது நிச்சயம்.

ஐந்தாவதை எழுத நினைக்கவில்லை. கை எழுதிவிட்டது. அடிக்கலாமா என்று பார்த்தேன். முதல் பக்கத்திலேயே அடித்தல் வேண்டாம், இருக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

வகுப்பில் ஒன்பது பேர். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பாடம் எடுப்பவர் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா. பகலில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறார், வாரத்தில் இரண்டு மாலை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். என் பக்கத்து நாற்காலிக்காரர் பேருந்து ஓட்டியவர். டிரைவர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். மேப் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தப் பாடத்துல நான்தான் முதல் மார்க். எனக்குத் தெரியாத ரூட்டே கிடையாது."

ஆசிரியை சிரித்தார். இது அந்த மேப் இல்லை, அகராதி மாதிரி என்றார். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அதற்கான பொருள். சொல்லுக்குக் 'கீ' என்று பெயர். சாவியைக் கொடுத்தால் மதிப்பு கைக்கு வரும்.

நாங்கள் படிக்கும் கணினி மொழியின் பெயர் கோ. ஆங்கிலத்தில் 'போ' என்று அர்த்தம். ஒரு மொழிக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா?

பட்டியல் என்றால் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மேப் கேட்டதை மட்டும் சொல்லும், கேட்காததைச் சொல்லாது. இந்த வாக்கியத்தை வகுப்பு நோட்டில் இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

அந்தப் பட்டியலால்தான்.

அன்று அவள் காலை ரயிலில் போனாள். மத்தியானத்துக்குள் ரயிலிலிருந்தே என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நீளமான செய்தி. தலைப்பு, 'எது எங்கே'. வரிக்கு ஒரு பொருள், பக்கத்தில் அது இருக்கும் இடம். ஐந்து வரி படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மூடிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் மாற்றலாகிப் போகிறவர் இப்படித்தான் ஒன்று எழுதிக் கொடுப்பார். எந்த அலமாரியில் எந்தக் கோப்பு, எத்தனை முத்திரை, எந்த இழுப்பறை இறுகும். ஒப்படைப்புப் பட்டியல். இரண்டு நாள் விடுப்பில் போகிறவர் எழுதமாட்டார். மேசையை அப்படியே விட்டுவிட்டுப் போவார், தேநீர்க் கோப்பைகூடக் கழுவாமல் இருக்கும். திரும்பி அதே நாற்காலிக்கு வராதவர்தான் எழுதுவார். நான் பதினொன்று வாங்கியிருக்கிறேன். ஒன்று கொடுத்திருக்கிறேன், ஓய்வு பெற்ற அன்று. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'மேற்கண்டவை யாவும் சரியாக ஒப்படைக்கப்பட்டன.'

அவளுடைய பட்டியலின் கடைசி வரி எனக்குத் தெரியாது. பதினான்கு மாதமாகத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தினம் மாலை தொலைபேசியில் கேட்கிறேன். இன்றைக்கு ஆணி டப்பா. "அதான் எழுதி அனுப்பியிருக்கேனே, பாக்கலையா?" என்பாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்பேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. உடனே இடத்தைச் சொல்லிவிடுவாள், ஒரு நொடிகூட யோசிக்கமாட்டாள். பின்னால் பேரக்குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளைக்கு ஒரு பொருளுக்கு மேல் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

சில நாள் நான் கேட்கும் பொருள் என் எதிரிலேயே இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மகளுக்குப் பிரசவ நேரம். மூன்று மாதத்துக்கு அம்மா வேண்டும் என்று கேட்டாள். "நானும் வரட்டுமா" என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் சின்ன வீட்டில் ஒரு கிழவன் எதற்கு? வாசலில் டாக்ஸி. அவள் ஒரு கையில் பெட்டி, தோளில் கைப்பை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப?" என்றாள்.

நான், "நீ போ" என்றேன்.

"சரி. போறேன்."

தெருமுனைக் கடைக்குப் போகிறவர்கூட "வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்கூட. அவள் மொட்டையாகப் போறேன் என்றாள். நாற்பத்தொரு வருடத்தில் அப்படிச் சொன்னதில்லை.

மூன்று மாதம் ஆறாயிற்று, மகள் வேலைக்குத் திரும்பியதால். பிறகு குழந்தை தவழத் தொடங்கிவிட்டது, கண் மூடினால் எதையாவது வாயில் போடுகிறது. பிறகு, குளிர் போகட்டும். குளிரும் போயிற்று. யாரும் தேதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, பதில் வந்துவிட்டால்?

ஜூன் 10, செவ்வாய்

முதல் மேப் செய்தேன். தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்திருந்தவற்றில் இருபத்து மூன்று பொருட்களை நானே தட்டி ஏற்றினேன். 'கத்தரிக்கோல்' என்று கேட்டால் 'தையல் பெட்டி, கீழ்த்தட்டு' என்கிறது. நிரல் என் பேச்சைக் கேட்பதில் ஒரு சின்ன சந்தோஷம், மறுக்கவில்லை.

ஒரு சங்கடம். மொத்தத்தையும் திரையில் போடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரிசையில் வருகிறது. நான் ஏற்றிய வரிசை எங்கே என்று கேட்டேன். மேப் வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்றார் ஆசிரியை. பதிவறையில் இப்படி நடந்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். டிரைவர், "நம்ம வயசுல நமக்கே வரிசை ஞாபகமில்ல, அதைப் போய்க் குத்தம் சொல்றீங்களே" என்றார்.

ஜூன் 12, வியாழன்

இன்று அவளுக்குக் கோபம். தவறு என் மேல்தான். கத்தரிக்கோலை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன்.

"குழந்தையைத் தூங்க வெச்சுட்டு இப்பதான் உக்காந்தேன். ஒரு கத்தரிக்கோலுக்கு எத்தனை தடவைங்க கேப்பீங்க? எல்லாத்துக்கும் போன் பண்ணாதீங்க. எழுதி வெச்சது எதுக்கு இருக்கு?"

சரி என்றேன். நான்காவது குறிப்பு இன்றே நடைமுறைக்கு வருகிறது. இனி பொருளுக்காக அழைப்பதில்லை.

பொருள் இல்லாவிட்டால் வேறு எதற்காக அழைப்பது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

வீட்டு ஓனர் மேலே வந்தார். கீழ் வீட்டில் இருப்பவர், நல்ல மனிதர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருடைய மகள் குடும்பத்தோடு இந்தப் பக்கமே வந்துவிடுகிறாளாம். அவர்களுக்கு இந்த இரண்டு அறை வீடு வேண்டும்.

"நீங்க ஒருத்தர்தானே சார். பின்பக்கத்து ஒத்த ரூம் உங்களுக்குத் தாராளம். அம்மா வர்றதா இருந்தா சொல்லுங்க, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். இல்லேன்னா முப்பதாம் தேதி ரெண்டு செட் சாவியும் குடுத்துடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் வாழ்நாளில் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் முடியாது என்று சொன்னதே இல்லை. அவருக்கும் அது தெரியும் போலிருக்கிறது, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வர்றதா இருந்தா. யாரைக் கேட்பது?

ஜூன் 15, ஞாயிறு

பின்பக்கத்து அறையைப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னல். ஒரு கட்டில் போடலாம். இரண்டு போட்டால் கதவு திறக்காது.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டேன்: ஒரு நீண்ட செய்தியை வரிவரியாகத் தட்டாமல் அப்படியே மேப்பில் ஏற்ற முடியுமா? முடியும் என்றார். செய்தியைக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு வரியையும் நடுவிலுள்ள இரட்டைப் புள்ளியில் வெட்டி, இடது பக்கம் சாவி, வலது பக்கம் மதிப்பு. பத்து வரி நிரல். படிக்காமலே ஏற்றிவிட்டேன். நூற்று அறுபத்து நான்கு வரிகள். அவ்வளவு எழுதியிருக்கிறாளா?

இன்னொன்றும் இன்று படித்தோம். மேப்பிடம் கேட்டால் வெறுமை வந்தது என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அந்தச் சாவியே இல்லை. அல்லது சாவி இருக்கிறது, அதன் மதிப்பே வெறுமை. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு பதிலையும் கேட்டு வாங்க வேண்டும்: இருக்கிறதா, இல்லையா. கேட்டால் சொல்லும். கேட்காவிட்டால் வெறும் வெறுமைதான்.

நான் வாழ்க்கையில் அந்த இரண்டாவது பதிலை யாரிடமும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

காலையில் 'குடை' என்று தட்டினேன்.

'கதவுக்குப் பின்னாடி. ஈரமா மடக்கி வெக்காதீங்க.'

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இடத்தைத்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் பேசுகிறாள்.

'மெழுகுவத்தி': 'ரெண்டாவது டிராயர். தீப்பெட்டியும் கூடவே இருக்கு, வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம்.'

'பூதக்கண்ணாடி': 'நீங்க வெச்ச இடத்துலதான். அதாவது எங்க வேணா இருக்கும்.'

வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக இருக்கும் வீட்டில் நம் சிரிப்பு நமக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது.

முன்பு நான் தட்டி ஏற்றிய 'ஆணி டப்பா' இருந்த இடத்தில் இப்போது அவள் எழுதியது இருக்கிறது. என்னுடையது போய்விட்டது. இரண்டாவது குறிப்பு சரி. வருத்தமில்லை.

'கத்தரிக்கோல்' கேட்டேன். 'தையல் பெட்டி, கீழ்த்தட்டு.' இது நான் எழுதியதுதான். அவள் இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை போலும்.

ஜூன் 19, வியாழன்

வேண்டாத பொருட்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்புளி. ஊசி. பழைய காலண்டர். வகுப்புக்குத் தாமதமாகப் போனேன், முதல் தடவையாக.

ஜூன் 20, வெள்ளி

'சாவிக்கொத்து.'

வெறுமை. இரண்டாவது பதிலையும் கேட்டேன். இல்லை.

இரண்டாவது செட் சாவி எப்போதும் அவளிடம் இருக்கும். சிவப்பு நூல் கட்டியது. முப்பதாம் தேதி ஓனரிடம் கொடுக்க வேண்டும். வைத்துவிட்டுப் போயிருப்பாளோ என்று அலமாரி, சமையலறை, தையல் பெட்டி, பழைய பைகள், எல்லாம் பார்த்தாயிற்று.

அவளைக் கேட்கலாம். எதற்கு என்று கேட்பாள். சொன்னால், "ஆமா, உங்களுக்கு அந்த ஒரு ரூம் போதுமே" என்று சொல்லிவிடுவாள். எதையும் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறவள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முறையாகச் செய்தேன். ஒரு தாளில் இரண்டு பத்தி. நினைவுக்கு வந்த பொருட்களையெல்லாம் கேட்டு, கிடைத்தது இடப்பக்கம், கிடைக்காதது வலப்பக்கம்.

கிடைக்காதவை: போர்வை. கொசுவலை. தொப்பி. சோப்பு. கோணி ஊசி. சாவிக்கொத்து.

போர்வை அவள் போர்த்திக்கொள்வது. கொசுவலை அவளுக்குத்தான் வேண்டும், எனக்குக் கொசு கடிப்பதே தெரியாது. சாவிக்கொத்து அவளுடையது. தன்னுடையதை மட்டும் விட்டுவிட்டு, எனக்கு வேண்டியதை மட்டும் எழுதிவைத்திருக்கிறாள். இனி தன்னுடையவற்றுக்கு இந்த வீட்டில் இடம் குறிக்க வேண்டியதில்லை என்று.

தொப்பி என்னுடையது. அது ஒத்துவரவில்லை. ஆனால் வாங்கிக் கொடுத்தது அவள்.

என் ஒப்படைப்புப் பட்டியலில் நானும் என் சொந்தப் பேனாவைச் சேர்க்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஒரு சரிபார்ப்பு செய்தேன், பழக்கதோஷம். பட்டியலில் நூற்று அறுபத்து நான்கு வரிகள். நான் முன்பு ஏற்றிய இருபத்து மூன்றும் அவள் ஏற்கெனவே எழுதியவைதான் என்றால் மொத்தம் நூற்று அறுபத்து நான்காகவே இருக்க வேண்டும். மேப் நூற்று எழுபது என்கிறது. ஆறு அதிகம்.

மொத்தத்தையும் திரையில் ஓடவிட்டேன். கடைசி இருபது வரிதான் திரையில் நின்றது. மேலே உருட்டிப் பார்க்க மனம் வரவில்லை. அது பட்டியலைப் படிப்பதாகிவிடும். அந்த இருபதிலேயே கத்தரிக்கோல் இரண்டு முறை இருந்தது. ஒன்று என்னுடையது. மற்றது: 'தையல் பெட்டியில, கீழ்த்தட்டுல. பேப்பர் வெட்டினா முனை மழுங்கும்.'

அப்படியானால் எழுதியிருக்கிறாள்!

ஒரு சாவிக்கு ஒரே மதிப்பு என்றார்களே. இரண்டாவது குறிப்பு தவறா? அல்லது வழக்கம்போல் நான்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேனா?

ஜூன் 25, புதன்

மாலையில் அவளே அழைத்தாள். பதின்மூன்று நாளைக்குப் பிறகு.

"என்னங்க, ஒண்ணுமே தொலையலையா?"

நான் நல்லபடியாகப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் கெடைச்சிடுது. உனக்குத் தொந்தரவு வேண்டாம்னு ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றேன்.

"அப்படியா. நல்லதுதான்" என்றாள்.

பிறகு குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது மந்தமாகிவிட்டதோ.

ஜூன் 26, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

வகுப்பில் இரண்டு கத்தரிக்கோல்களையும் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேப்ல ஒரே சாவி ரெண்டு தடவை வராது சார். வந்திருந்தா அது ரெண்டு சாவி."

எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை குறி இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். எண்ணும் நிரல் இரண்டு வரிதான். அவளுடைய கத்தரிக்கோல் பன்னிரண்டு. என்னுடையது பதின்மூன்று.

ஆசிரியை என்னை ஒருமுறை தட்டச் சொல்லி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். நான் பதினெட்டு வயதில் தட்டச்சுப் பொறியில் பழகியவன். கணினியிலும் அதே விசை முறையைத்தான் தேடிப் போட்டுக்கொண்டேன். 'கோ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். என் பழைய விசை நிரல் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகவே சேமித்து வைக்கிறது. அவள் தொலைபேசியில் தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக விழுகிறது. கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு இரண்டு.

"கொ, கோ, சோ, போ... இந்த மாதிரி எழுத்து வர்ற எதை நீங்க கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லியிருக்கும். நம்ம மொழி பேரே கோதான், அதுகூட உங்ககிட்ட மாட்டிக்கும்" என்றார் ஆசிரியை.

டிரைவர் எட்டிப் பார்த்து, "கொம்பு தனி, கால் தனின்னா அது எழுத்தா, கசாப்புக் கடையா?" என்றார்.

நான் என் தாளை எடுத்து வலப்பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். போர்வை. கொசுவலை. தொப்பி. சோப்பு. கோணி ஊசி. என் கோட்பாடு முழுவதும் ஒரு துணைக்காலில் நின்றிருக்கிறது.

மருந்து ஒரு வரிதான். மேப்பில் வைக்கும் முன்பும் கேட்கும் முன்பும் சொல்லை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எழுதி, மறுபடி ஓட்டினேன். கத்தரிக்கோல் போல இரட்டித்திருந்த ஆறும் ஒன்றாகிவிட்டன. மொத்தம் நூற்று அறுபத்து நான்கு. சரியாக.

ஆசிரியை எழுந்து அடுத்தவரிடம் போனார். நான் 'சாவிக்கொத்து' என்று தட்டினேன்.

'என் கைப்பையில. நான் வரும்போது நீங்க தூங்கிட்டிருந்தா கதவைத் தட்டி எழுப்ப வேண்டாம்னுதான்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டு படித்தேன். அதேதான் இருந்தது.

"என்ன சார், சாவி கெடைச்சுதா?" என்றார் டிரைவர்.

"கெடைச்சுது."

"எங்க?"

நான் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவரும் பிறகு கேட்கவில்லை. தன் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் பட்டியலை மேலிருந்து கீழே முழுவதும் படித்தேன். பதினான்கு மாதம் பயந்த கடைசி வரி துடைப்பத்தைப் பற்றியது. பால்கனியில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது தொட வேண்டுமாம்.

குழந்தை மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து அழைத்தேன்.

"சாவிக்கொத்து உன்கிட்டயா இருக்கு?"

"அன்னிக்கே எழுதினேனே. இப்பதான் படிக்கறீங்களா?"

"ஆமா."

"பதினாலு மாசம் கழிச்சா?"

ஒப்படைப்புப் பட்டியல் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நீங்க 'போ'ன்னீங்க. போயிட்டு வான்னு வாயில வரல. அப்பறம் நான் எப்படி வரேன்னு சொல்றது? ரயில்ல உக்காந்து அத்தனையும் குத்திக் குத்தி எழுதினேன், மனுஷன் படிச்சுட்டு ஏதாவது சொல்லுவாருன்னு. நீங்க கத்தரிக்கோல் எங்கன்னு கேட்டீங்க. மறுநாள் பூதக்கண்ணாடி. சரி, இவருக்கு சாமான் கெடைச்சாப் போதும்னு இருந்துட்டேன். இப்ப ரெண்டு வாரமா அதுக்குக்கூட போன் வரல."

எனக்குப் பேச்சு வராத இடம் இது. எப்போதும் இங்கே நின்றுவிடுவேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழோ எட்டோ.

"வா" என்றேன்.

"என்னது?"

"வான்னு சொன்னேன்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காது மந்தமில்லை.

"பாப்பாவை அடுத்த வாரம் காப்பகத்துல சேக்கறாங்க. அது அழாம பழகற வரைக்கும் ஒரு பத்து நாள் இருந்துட்டு வரேன்."

அந்தச் சொல்லை அவள் கவனித்துச் சொன்னாளா என்று தெரியாது. நான் கவனித்தேன்.

ஜூன் 28, சனி

ஓனரைக் கீழே போய்ப் பார்த்தேன். மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"ரெண்டாவது செட் அவகிட்ட இருக்கு. அவ வர்றா. வீட்டை விட முடியாதுங்க."

அவர் ஏமாற்றமாகத்தான் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்னீங்களே சார்" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

ஜூலை 5, சனி

துடைப்பத்தைத் தொட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரயில் மத்தியானம் ஒரு மணிக்கு. ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று நேற்றே கேட்டேன். வெயிலில் அலைய வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்றாள்.

சாப்பிட்டேன். கதவின் உள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். என் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கமா வரும்? ஒன்றே முக்காலுக்குப் பூட்டில் சாவி திரும்பியது. ஒரு தடவை சிக்கி, பிறகு திரும்பியது. பெட்டியைத் தரையில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள், சத்தம் வரக் கூடாதென்று. நானும் கண்ணைத் திறக்கவில்லை, கொஞ்ச நேரம்.

"தூங்கற மூஞ்சியைப் பாரு, இமை ரெண்டும் ஆடுது" என்றாள்.

இப்போது மாலை. சமையலறையில் எதையெதையோ இடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்கிறது. மேப்பில் பாதி இன்றே பொய்யாகிவிடும். ஒன்றை மட்டும் நான் திருத்தினேன். 'சாவிக்கொத்து': 'கதவுக்குப் பக்கத்து ஆணி'. புதியதை வைத்ததும் பழைய மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும் என்பதால், முதலில் அதை இன்னொரு சாவியில் பத்திரமாக எடுத்து வைத்தேன். அந்தச் சாவி, 'வரேன்'. கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது பதிலையும் சேர்த்தே கேட்டேன். இருக்கிறது என்றது.

முதல் பக்கத்தில் எழுதியவற்றில் ஐந்தாவது குறிப்பு தவறு. நிச்சயம் என்று வேறு எழுதியிருக்கிறேன். புறப்பட்ட அன்றே சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.